மஞ்சள் பட்ட கருமாதிக் கார்டு

எங்க அண்ணன் மக நாகஜோதிக்குக் கருமாதின்னு அச்சடிச்ச கார்டு எங்க வீட்டு வாசலுக்கு வந்து சேந்த நேரத்துல, அந்தக் கருமாதிக்குரியவ ஓசூர்ல ஒரு மாடி வீட்ல, வேலைக்குப் போற அவசரத்துல, புருசன் மதியழகனுக்கும் தனக்கும் ரெண்டு டப்பாவுல தக்காளிச் சோத்த அமுக்கிக்கிட்டு இருந்தா. அவ சாகலைங்கிறது ஊருக்கே தெரியும், கார்டு அடிச்ச அவ அப்பனுக்கும் தெரியும், அதனால அதுல பேச ஒண்ணுமில்ல. பேச்சாப் போனது கார்டோட மூலைதான். கறுப்பு மை தடவி அனுப்பின நாலு மூலையிலயும் மஞ்சள் இருந்துச்சு, அம்மியில அரைச்ச பச்ச மஞ்சள், ஈரங்கூடக் காயல, தொட்டா விரல்ல ஒட்டுச்சு, மோந்து பாத்தா கல்யாண வீட்டு வாசம். அது எப்படி வந்துச்சுன்னு யாரும் மண்டையப் போட்டு ஒடச்சுக்கல. இந்தக் கார்ட எங்க வைக்கிறதுங்கிறதுதான் எங்களுக்குப் பெரும்பாடாப் போச்சு.

வேத்தூரு ஆளுகளுக்காகச் சொல்லிர்றேன், எங்க கொடிக்காம்பட்டியில கடுதாசிக்குன்னு முறை இருக்கு. மூலையில கறுப்பு மை தடவி வந்தா அது சாவு சேதி. அத வீட்டுக்குள்ள கொண்டு போகக்கூடாது, வாசல்ல நின்னமேனிக்கே படிச்சு, அங்கயே கிழிச்சுப் போட்டு, காலக் கழுவிட்டுத்தான் உள்ள ஏறணும். மூலையில மஞ்சள் தடவி வந்தா அது நல்ல சேதி. அதத் தாம்பாளத்துல வாங்கி, சாமி படத்துக்கு முன்னால வச்சுக் கும்பிட்டுத்தான் படிக்கணும், எந்தக் காலத்துலயும் கிழிக்கக்கூடாது, கூப்பிட்ட நாளுக்கு வெறுங்கைய வீசிக்கிட்டுப் போகக்கூடாது, போக முடியலைன்னா ஒரு வரியாச்சும் பதில் எழுதிப் போடணும். இப்ப சாவு சேதி மஞ்சளோட வந்து நின்னா என்ன பண்ணுவீக, கிழிப்பீகளா, கும்பிடுவீகளா? நாங்களும் அப்படித்தான் வாசல்ல கார்டும் கையுமா முழிச்சுக்கிட்டு நின்னோம்.

இந்த முறையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே எங்க அண்ணன் திருமேனிதான், கூத்து அங்கதான் இருக்கு. அண்ணன் பத்திரம் எழுதுறவரு. சட்டப் பையில ரெண்டு பேனா, ஒண்ணு நீலம், ஒண்ணு செவப்பு; நீலம் எழுதுறதுக்கு, செவப்பு மத்தவன் எழுதினதத் திருத்துறதுக்கு. கல்யாணமோ, காதுகுத்தோ, எழவோ, எந்த வீட்டுக் கடுதாசியா இருந்தாலும் வாசகம் அவரு சொன்னதுதான். எழவு வீட்டுக்கு எழுதுறப்ப மேல பிள்ளையார் சுழி போடாதேம்பாரு. நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்காதே, அங்க என்னடா நலம் கெடக்கும்பாரு. செத்தவுக செஞ்ச நல்லது ஒண்ணு உனக்குத் தெரிஞ்சா அத எழுது, தெரியலைன்னா சும்மா புகழாதே, பதில் போடவும்னு மட்டும் எழுதிராதே, அழுகிறவனுக்கு வேல வைக்கக்கூடாதும்பாரு. இன்னிக்கும் சொல்றேன், அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது, எல்லாம் தங்கமான முறை.

நான் வள்ளிமயிலு, அவருக்கு நேர் இளையவ, எதுத்த வீட்டுக்காரி, பிளவுஸ் தச்சுப் பொழைக்கிறவ, வாய் கொஞ்சம் நீளம்னு ஊருக்குள்ள பேரு. எம்புருசன் தவறினப்ப எங்க வாசல்ல காவல்காரன் கணக்கா நின்னது எங்க அண்ணன்தான். எதுக்குக் காவலு? எழவு வீட்டுலருந்து கெளம்புறவுக, போயிட்டு வர்றேன்னு சொல்லக்கூடாது பாருங்க, சொன்னா அந்த வீட்டுக்கு இன்னொரு எழவுக்கு வர்றேன்னு ஆயிரும், அதனால பேசாம எந்திரிச்சு, திரும்பிப் பாக்காமப் போயிரணும். மெட்ராஸ்லருந்து வந்த எங்க நாத்தனா மருமகன், நல்ல புள்ள, வெவரம் பத்தாது, கைய எடுத்துக் கும்பிட்டு, "போயிட்டு"ன்னு ஆரம்பிச்சான், எங்க அண்ணன் பாஞ்சு போயி அவன் வாயப் பொத்துனாரு. பொத்துன வேகத்துல அந்தப் புள்ளையோட கண்ணாடி கீழ விழுந்துருச்சு. அம்புட்டு அழுகையிலயும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சுன்னா பாத்துக்கோங்க.

ஆனா ஒண்ணு, அண்ணன் எழுதின எந்தக் கடுதாசியிலயும் எங்க மதினி சீனியம்மா பேரு இருந்ததில்ல. இப்படிக்குன்னு போட்டு அவரு பேரு, தம்பிமாரு பேரு, பங்காளிமாரு பேரு, பொறக்காத பேரன் பேருக்குக்கூட எடம் விடுவாரு, மதினி பேருக்கு எடம் கெடையாது. மதினிக்குன்னு ஒரு கடுதாசி அந்த வீட்டுக்கு வந்ததும் இல்ல. பொம்பளைக்குத் தனியா எதுக்குக் கார்டுன்னு கேப்பாரு, மதினி சிரிச்சுக்கிட்டே அடுப்பப் பாக்கப் போயிரும். அந்தச் சிரிப்ப நாங்க எல்லாரும் சரின்னு சொல்றதா எடுத்துக்கிட்டோம்.

நாகஜோதி ஓடிப் போகல, அத மொதல்ல சொல்லிர்றேன், எவளாச்சும் ஓடிப் போனான்னு சொன்னா நாக்க அறுத்துருவேன். வேல பாக்குற ஊருலருந்து லீவு போட்டு வந்து, அப்பனுக்கு முன்னால நேரா நின்னு சொன்னா. "அப்பா, மதியழகன்னு ஒருத்தரு. நம்ம ஆளுக இல்ல. அவரத்தான் கட்டிக்கப் போறேன். உங்ககிட்டச் சொல்லாமச் செய்யிறது முறையில்லன்னு வந்தேன்."

"இந்த வாசப்படியத் தாண்டிப் போனேன்னா எனக்கு மக செத்துட்டா."

"சாகலப்பா. கல்யாணம்தான் பண்ணிக்கிறேன்."

அப்படியே திரும்பிப் போயிட்டா, செருப்ப எடது வலது மாத்தி மாட்டி, மறுபடி கழட்டி மாட்டுனத எங்க வீட்டு ஜன்னல்லருந்து நான் பாத்தேன். போனவ சும்மா இருக்கல. அப்பன் சொல்லிக் குடுத்த முறைப்படி, மேல பிள்ளையார் சுழி போட்டு, ரெண்டு பக்கத்துப் பெத்தவுக பேரையும் போட்டு, அதுல சீனியம்மாங்கிற பேரையும் போட்டு, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, கல்யாணக் கடுதாசி எழுதித் தபால்ல அனுப்பினா. எங்க அண்ணன் அத என்ன பண்ணுனாரு தெரியுமா? வாசல்ல நின்னமேனிக்கே படிச்சாரு, கிழிச்சாரு, சாக்கடையில போட்டாரு, காலக் கழுவிட்டு உள்ள போனாரு. மஞ்சள் பட்ட கடுதாசியக் கிழிச்ச மொத ஆளு எங்க ஊருல அவருதான். அந்த மஞ்சத் துண்டுக ரொம்ப நேரம் தண்ணியில கரையாம மெதந்துக்கிட்டே போச்சு. பின்னால நடந்ததுக்கு அதுதான் காரணமான்னு எங்கிட்டக் கேக்காதீக, எனக்குத் தெரியாது, நான் பாத்தத மட்டும் சொல்றேன்.

அன்னிக்குச் சாயங்காலம் நாகஜோதி மதினிக்குப் போன் போட்டா. நான் பக்கத்துல ஒக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தேன், அவ கொரலு எனக்கும் கேட்டுச்சு. "எம்மா, அப்பா என்னத் தலைமுழுகினாத் தலைமுழுகட்டும். நீயும் தலைமுழுகிருவியா?" அவ்வளவுதான் கேட்டா. மதினி வாயத் தொறந்து பதில் சொல்றதுக்குள்ள அண்ணன் வந்து போனப் புடுங்கி, பின்பக்கத்தக் கழட்டி, சிம்ம எடுத்துச் சட்டப் பையில ரெண்டு பேனாவுக்கு நடுவுல போட்டுக்கிட்டாரு. தொறந்த வாயி தொறந்தபடி மதினி அப்படியே இருந்துச்சு. அதுலருந்து எங்க மதினி யாருகிட்டயும் பேசல.

எங்க ஆளுகள்ல உசுரோட இருக்கிற பிள்ளையத் தலைமுழுகுறதுன்னா அப்பன் முழுகினாப் பத்தாது, பெத்தவ முழுகணும். கருமாதி அன்னிக்கு, படத்துக்கு மாலையப் போட்டு, ஊரு பாக்க, பெத்தவ தலையில கொடத்துத் தண்ணி விழுந்துருச்சுன்னா முடிஞ்சது கதை. பெறகு அந்தப் பிள்ள பேர எந்தக் கடுதாசியிலயும் எழுத மாட்டோம், நல்லதுக்கும் கூப்பிட மாட்டோம், கெட்டதுக்கும் சொல்ல மாட்டோம், தெருவுல வந்து நின்னா வா ஆத்தான்னு ஒரு வார்த்த கேக்கக்கூடாது. அதாவது கொடத்துத் தண்ணியிலதான் இருந்துச்சு எம்மருமக உசுரு. அந்தக் கொடத்துக்குத்தான் அண்ணன் நாளு குறிச்சாரு.

வாட்சப்புல சொல்லிவிட்டாப் போதாதான்னு தம்பிமாரு கேட்டாக. போன்ல போறது சேதி, தபால்ல போறதுதான் முறைன்னாரு அண்ணன். பன்னீரு அச்சாபீசுல வெள்ளை அட்டையில கறுப்புக் கட்டம் போட்டு, எங்கள் அருமை மகள் நாகஜோதி அகால மரணமடைந்தமையால்னு அச்சடிச்சு வாங்கி, ஒவ்வொண்ணா எடுத்து, தாங்கையால நாலு மூலைக்கும் கறுப்பு மை தடவி, வரிசையாக் காய வச்சு, தானே கொண்டு போயித் தபால் பெட்டியில போட்டாரு. பெட்டிக்குள்ள கறுப்பாப் போன கார்டு, தபால்காரரு சேவியரு பையிலருந்து வெளிய வர்றப்ப மஞ்சளா வந்துச்சு. சேவியரு கையி மணிக்கட்டு வரைக்கும் மஞ்சளாயிருச்சு, பையி மணக்குற மணத்துக்கு வழியெல்லாம் பொம்பளைக மறிச்சு, "யாரு வீட்டுக் கல்யாணம்ணே"ன்னு கேக்க, அவரு பாவம், "அது ஒரு கருமாதிம்மா"ன்னு சொல்லிக்கிட்டே சைக்கிள மிதிச்சாரு.

ஊருல ஒவ்வொரு வீடும் அதுக்கு ஒவ்வொரு வழி கண்டுபிடிச்சுச்சு. உள்ள வைக்கக்கூடாது, வெளிய போடக்கூடாது, அதனால பலபேரு ஜன்னல் கம்பியில பாதி உள்ள பாதி வெளியன்னு சொருகி வச்சாக. வாத்தியார் வீட்ல தாம்பாளத்துல வச்சுத் தாம்பாளத்தையே வாசப்படி மேல வச்சுட்டாக, போறவுக வாறவுக எல்லாம் அதத் தாண்டித் தாண்டிப் போயி, அந்த வீட்டுப் பெரியவரு ஒருவாட்டி தடுக்கிக்கூட விழுந்தாரு. எங்க சொந்தத்துல பெரியவரு கடற்கரை மாமா, மாட்டுக் கொட்டத்துல தொங்கவிட்டாரு. மாடு நல்லது கெட்டது ரெண்டுக்கும் பொதுன்னு ஒரு ஞாயம் சொன்னாரு. நான் என் கார்ட எறவானத்துல, தையல் மிசினுக்கு நேர் மேல சொருகிக்கிட்டேன், தைக்கத் தைக்க அந்த வாசம் வந்துக்கிட்டே இருக்கும், எனக்கென்னமோ அது புடிச்சிருந்துச்சு.

அண்ணன் விடுவாரா? இது எவனோ செய்யிற சேட்டைன்னு சேவியரோட சண்டைக்குப் போனாரு, அந்த மனுசன் தன்னோட கைய நீட்டிக் காமிச்சு, "ஐயா, என் வீட்ல சோப்பு தீந்து போச்சுய்யா"ன்னாரு. மறுபடியும் கார்டு அடிச்சு, ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினாரு, அது இன்னும் கெட்டியா மஞ்சள் அப்பிக்கிட்டு வந்துச்சு. பெறகு அவரே வண்டிய எடுத்துக்கிட்டு வீடு வீடாக் கொண்டு போனாரு. அவரு கையில இருக்கிற வரைக்கும் கறுப்பு, வாங்குறவுக கைக்கு மாறுறப்ப மஞ்சள். கடேசியா, முறையக் காத்துல விட்டு, வாட்சப்புலயும் படம் புடிச்சுப் போட்டாரு. கடற்கரை மாமா மருமக போனத் தொடைக்கப் போக, துண்டுல ஒட்டிக்கிட்டது மஞ்சள். அந்தத் துண்டத்தான் மாமா அதுக்கப்புறம் நல்ல நாளு கெட்ட நாளுன்னு இல்லாமத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு.

பதில் கடுதாசிகளும் வர ஆரம்பிச்சுச்சு. பாவம், எழுதுறவுகளுக்கும் கொழப்பம், இந்த மாதிரி ஒண்ணுக்கு எப்படிப் பதில் எழுதணும்னு அண்ணன் யாருக்கும் சொல்லிக் குடுக்கலையே. "தங்கள் மகள் மறைந்த செய்தி கேட்டு ஆழ்ந்த மனமகிழ்ச்சி அடைந்தோம்"னு ஒருத்தரு. "ஆறாத் துயரில் வாடும் தங்களுக்கு அனுதாபமும் மணமக்களுக்கு எங்கள் நல்வாழ்த்தும்"னு ஒருத்தரு. நத்தத்துலருந்து எங்க ஒண்ணுவிட்ட சித்தப்பா, செத்தவுக செஞ்ச நல்லது ஒண்ணு எழுதணும்ல, அதுக்காக, "நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்தப் பிள்ளைதான் ரத்தம் கொடுத்தது, அது இன்னும் என் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குள் கருமாதி என்கிறாயே திருமேனி"ன்னு எழுதியிருந்தாரு. அண்ணன் செவப்புப் பேனாவ எடுத்து ஒவ்வொரு கடுதாசியாத் திருத்தினாரு, பல்லக் கடிச்சுக்கிட்டே திருத்தினாரு. சித்தப்பா கடுதாசிய மட்டும் ரெண்டு மூணு தடவ படிச்சாரு, அதுல திருத்த ஒரு எழுத்துக்கூட அவருக்குக் கெடைக்கல.

சாதிசனமெல்லாம் ஒரு ஞாயித்துக்கெழம அண்ணன் வீட்டு முத்தத்துல கூடுனாக. கடற்கரை மாமா மஞ்சத் துண்ட ஒதறிப் போட்டு ஒக்காந்து கேட்டாரு. "ஏப்பா திருமேனி, நீயே சொல்லு. மஞ்சள் பட்ட கார்டக் கிழிக்கலாமா?"

அண்ணன் வேற பக்கம் பாத்துக்கிட்டு, "கூடாது"ன்னாரு.

"வாசல்ல போடலாமா?"

"கூடாது மாமா. அதுக்கென்ன இப்ப? வச்சுக்கோங்க. கருமாதிக்கு வந்து சேருங்க."

"வராம இருப்போமா? வர்றோம். ஆனா மஞ்சள் பட்ட கார்டுக்கு வெறுங்கையோட வரக்கூடாதேப்பா. அதுவும் நீ சொன்னதுதான்."

அண்ணன் மூஞ்சி செத்துப் போச்சு. நான் கதவுக்குப் பின்னால நின்னு முந்தானைய வாயில வச்சு அடைச்சுக்கிட்டேன், இல்லைன்னா சிரிச்சுத் தொலைச்சிருப்பேன். உள்ள அடுப்பங்கரையில மதினி வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்துச்சு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு, கையி மட்டும் நிக்கவே இல்ல.

கருமாதி நெருங்க நெருங்க, ஒப்பாரி வைக்கிற பொம்பளைக நாலுபேரு வந்து மதினியச் சுத்தி ஒக்காந்து, "ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுரு சீனியம்மா, பாரம் கொறையும், நாங்க மேல புடிச்சுக்கிறோம்"னாக. மதினி உரிச்ச வெங்காயத்தக் கீழ வச்சுட்டுத் தலைய நிமித்துச்சு. போன் போன நாள்லருந்து அதுதான் அது பேசுன மொதப் பேச்சு. "உசுரோட இருக்கவளுக்கு நான் எதுக்கு அழணும்? வெங்காயம் உரிச்சுக்கூட எனக்குக் கண்ணு கலங்க மாட்டேங்குது, பாருங்க. எந்திரிச்சுப் போயி உங்க வீட்டு வேலையப் பாருங்கத்தா." அந்தப் பொம்பளைக ஆளுக்கு ஒரு கை வெங்காயத்த உரிச்சுக் குடுத்துட்டுப் போனாக, அவுகளுக்கும் அன்னிக்கு அழுக வரல.

நான் பின்னாலயே போயி, "மதினி, கருமாதி அன்னிக்கு என்ன செய்யப் போறீக"ன்னு கேட்டேன். என்னைய ஒரு பார்வ பாத்துச்சு. "எம்மக ஒரு கேள்வி கேட்டா வள்ளி. இன்னும் நான் பதில் சொல்லல"ன்னு மட்டும் சொல்லிட்டு, உலையில அரிசியப் போட்டுச்சு.

அந்த நாளும் வந்துச்சு. முத்தத்துல பந்தல், பந்தலுக்குக் கீழ நாற்காலியில நாகஜோதி படம், அவ காலேஜுல பட்டம் வாங்குனப்ப எடுத்தது, அதுக்கு மேல சம்பங்கி மாலை, படத்துக்கு முன்னால மணை, மணை மேல தண்ணிக் கொடம். சனம் வர ஆரம்பிச்சுச்சு பாருங்க, எழவுக்கு வர்ற மாதிரியா வந்துச்சு? தாம்பாளம் தாம்பாளமா வந்துச்சு. வாழப்பழம், தேங்காய், கல்கண்டு, ஜரிகைச் சேலை, பட்டு வேட்டி, வளையல், வெத்தலை பாக்கு, பூ. கடற்கரை மாமா ஒரு குத்துவிளக்கயே தூக்கிக்கிட்டு வந்தாரு, துடுக்காத் திரியப் போட்டு எண்ணெயும் ஊத்திக் கொண்டாந்திருந்தாரு. எல்லாரும் மொகத்த மட்டும் எழவு வீட்டு மொகமா வச்சுக்கிட்டு, சீர்த் தட்ட எறக்கி வச்சுட்டு, ஓரமாப் போயி ஒக்காந்தாக. பொம்பளைக எல்லாரும் இடுப்புல அந்தக் கார்டச் சொருகியிருந்தாக. நானும் என் கார்ட எறவானத்துலருந்து எடுத்துக் கையிலயே வச்சிருந்தேன்.

அண்ணன் யாரையும் பாக்கல. தாந்தலையில தானே தண்ணிய ஊத்தி முழுகினாரு. ஈரத் தலையோட, ஈர வேட்டியோட நின்னுக்கிட்டு, கொடத்த மறுபடி நெறச்சு மணையில வச்சுட்டு, உள்ள பாத்துக் கூப்பிட்டாரு. "சீனியம்மா, வா."

மதினி வந்துச்சு. தல விரிச்சு வரணும், வரல. எண்ணெய் தேச்சு, வகிடு எடுத்து, அழுத்திச் சீவி, பின்னி, கொண்டை போட்டு, கொண்டையச் சுத்தி ஒரு மொழம் மல்லிகையும் வச்சு வந்துச்சு. கட்டியிருந்தது நாகஜோதி மொதச் சம்பளத்துல வாங்கிக் குடுத்த நீலச் சேல. கையில ஒரு பையி. 

"என்னடி கோலம் இது?"ன்னாரு அண்ணன்.

 மதினி மணைக்கிட்டப் போயி, குனிஞ்சு, கொடத்த ரெண்டு கையாலயும் தூக்குச்சு. எனக்குக் கண்ண இறுக்கி மூடிக்கிறணும்போல இருந்துச்சு, மூடல. கொடத்த இடுப்புல வச்சுக்கிட்டு நேரா மதில் ஓரம் போயி, தண்ணியில்லாம வாடிக் கெடந்த கறிவேப்பிலைச் செடி மூட்டுல முழுக் கொடத்தையும் கவுத்துச்சு, கடேசிச் சொட்டு வரைக்கும் தட்டிக் கவுத்துச்சு. காலிக் கொடத்தக் கொண்டாந்து மணையில வச்சுட்டு, படத்துலருந்து மாலையக் கழட்டிக் கொடத்துக்குப் போட்டுச்சு. படத்தத் தொடச்சுப் பையில வச்சுக்கிருச்சு. கருமாதி வேணும்னா இந்தக் கொடத்துக்குப் பண்ணிக்கோங்கன்னு வாய்விட்டுச் சொல்லல, எங்க எல்லாருக்கும் அப்படித்தான் கேட்டுச்சு.

பெறகு எங்கிட்ட வந்து கைய நீட்டுச்சு. "அந்தக் கார்டக் குடு வள்ளி. எனக்குத்தான் யாரும் ஒண்ணும் தரலையே."

குடுத்தேன். கையில வாங்கி, கண்ணுல ஒத்தி, அண்ணன் பக்கம் திரும்புச்சு. "மஞ்சள் பட்ட கடுதாசி வந்தாப் போகணும், அதானங்க முறை? எம்மக மொதல்ல அனுப்பினதுல எம்பேரும் இருந்துச்சாம், நீங்க கிழிச்சுட்டீக. இது நீங்களே அனுப்பினது. இதக் கிழிக்க முடியாதுல்ல? நான் போறேன். இந்தச் சீரெல்லாம் எம்மகளுக்கு வந்தது, நாலுபேரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிக்கிட்டு வந்தா நல்லா இருக்கும்."

 மதினி வாசப்படிக்குப் போச்சு. செருப்ப மாட்டுச்சு, எடது வலது மாறல. திரும்பி நின்னு, எங்க அண்ணன நேருக்கு நேரா பாத்து, தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லுச்சு.

"போயிட்டு வர்றேங்க."

அண்ணன் பதறிப் போனாரு. பாஞ்சு வந்தாரு, வாயப் பொத்தத்தான் வந்தாரு, கையிகூட மேல எந்திரிச்சுருச்சு. "எழவு வீட்ல அப்படிச் சொல்லக்கூடாதுடீ!"

"தெரியுங்க. அதனாலதான் சொல்றேன்."

எந்திரிச்ச கையி அந்தரத்துலயே நின்னு போச்சு. அதத் தாண்டி மதினி தெருவுல எறங்கி நடந்துச்சு. மொதல்ல எந்திரிச்சது கடற்கரை மாமா. குத்துவிளக்கத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, அண்ணன் முன்னால வந்து நின்னு, மஞ்சத் துண்டச் சரி பண்ணிக்கிட்டு, "போயிட்டு வர்றேம்ப்பா திருமேனி"ன்னாரு. அடுத்தாப்புல வாத்தியார் வீட்டம்மா, "போயிட்டு வர்றேண்ணே." அச்சாபீசு பன்னீரு, "போயிட்டு வர்றேங்கய்யா." ஒப்பாரிப் பொம்பளைக நாலுபேரும் ஒரே கொரல்ல, "போயிட்டு வர்றோம்." தட்டத் தூக்கினவுக, கையெடுத்துக் கும்பிட்டவுக, ஒவ்வொருத்தரா வந்து, ஒவ்வொருத்தரும் மூஞ்சிக்கு நேரா சொல்லிச் சொல்லிப் போக, அந்த வீட்ல எழவு இல்ல, எழவு இல்லன்னு ஊரே சத்தியம் பண்ற மாதிரி இருந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுச்சு, வெக்கப்படாமச் சொல்றேன், எம்புருசன் செத்தப்ப அழுததவிட அன்னிக்குத்தான் நல்லா அழுதேன்.

கடேசியா நான் போயி நின்னேன். "அண்ணே, போயிட்டு வர்றேன்."

"நீயுமா வள்ளி?"

"நானுந்தான். சொல்லிட்டுப் போறவுகளுக்குப் பதில் சொல்லணும்ணே. அதுவும் முறைதான்."

அண்ணன் மணைப் பக்கம் திரும்பி, மாலை போட்ட காலிக் கொடத்தப் பாத்தாரு. அவரு தோள்ல கெடந்த ஈரத் துண்டோட நாலு முனையிலயும் மஞ்சள் ஏறிக்கிட்டு இருந்துச்சு, அத அவரு இன்னும் பாக்கல. நானும் சொல்லல, எப்படியும் பாக்கத்தான் போறாரு.

பஸ் ஸ்டாண்டுல சீர்த் தட்டெல்லாம் ஏத்தினதுல மதுரை பஸ்ஸுல மத்தவுகளுக்கு ஒக்கார எடமில்ல, கண்டக்டரு, "என்னம்மா, நிச்சயதார்த்தமா"ன்னு கேட்டாரு, மாமா, "கருமாதிய்யா, நகந்து நில்லு"ன்னாரு. மதினி ஜன்னலோரம், நான் பக்கத்துல. ஊரு எல்லை தாண்டினதும் மதினி என் போன வாங்குச்சு; எங்க அண்ணன் சிம்மக் கழட்டி வச்சாரே தவிர மகளோட நம்பர மதினி மனசுலருந்து கழட்ட முடியல, பாக்காமயே அழுத்துச்சு.

"ஆரு, அத்தையா?"ன்னு கேட்டா அவ.

"நான்தாண்டி."

அந்தப் பக்கம் அவ விசும்புறது எனக்கும் கேட்டுச்சு. மதினி ஒரு கையால தலையில இருக்கிற பூவத் தொட்டுப் பாத்துக்கிருச்சு.

"நீ கேட்டதுக்கு இப்பத்தான் பதில் சொல்ல முடிஞ்சுச்சு. தல நனையல. எண்ணெய் வச்சுச் சீவிப் பூ வச்சுட்டு வர்றேன். ரெண்டு படி அரிசி கூடப் போட்டு ஆக்கு, கூட்டம் வருது. அழாத, கேளு, ஒங்க அப்பாகிட்டப் போயிட்டு வர்றேன்னு வாய் நெறையச் சொல்லிட்டு வந்திருக்கேன், சொன்ன சொல்லக் காப்பாத்தணும், திரும்பிப் போறப்ப நீயும் மருமகனும் என்கூட வர்றீக."